ஏல விலையும் வெட்டுப்புள்ளியும்

பாலாவிச் சந்தியில், கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரிகிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் என் கடை. போட்டோ கொப்பி, டைப்பிங், ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் படம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோருகிற சில வாரங்களில் மட்டும் கடையின் வேலையே வேறாகிவிடும். நுரைச்சோலை, மாம்புரி, ஆலங்குடா, மதுரங்குளி, முந்தல் என்று இந்தக் கரை நெடுகிலுமிருந்து பிள்ளைகள் ஆணைக்குழுவின் கைநூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். பின்னால் வாப்பாவோ உம்மாவோ வருவார்கள். சில வீட்டில் மாமா, சாச்சா, ரியூஷன் மாஸ்டர் வரை வந்து நிற்பார்கள். இருக்கிற மூன்று பிளாஸ்டிக் கதிரையும் போதாது.

விண்ணப்பத்தில் பெயர், சுட்டெண், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் பத்து நிமிட வேலை. விருப்ப வரிசைக்கு வந்ததும் வண்டி நின்றுவிடும். ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு யுனி கோட் உண்டு. கொழும்பில் மருத்துவம் என்றால் 001 ஏ. அந்த இலக்கங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்க வேண்டும். பிள்ளையின் நான்கு வருடம் அந்த அடுக்கில் இருக்கிறது.

போன தடவை ஒரு தகப்பன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நானா, இதப் பாருங்க. கட்டார்ல இருக்கிற மச்சான் அனுப்பினான். உலக ரேங்க்ல நம்ம நாட்டுக்குள்ள கொழும்புதான் முன்னுக்கு நிக்குது. மகனுக்கு முதல்ல கொழும்பப் போடுங்க."

"என்ன படிக்க?"

"எதுவா இருந்தாலும் பரவாயில்ல. கொழும்பா இருந்தாச் சரி."

மகன் தன் போனை மெதுவாக மேசையில் வைத்தான். அதில் இன்னொரு பட்டியல். அதில் பேராதனை முன்னால். வாப்பா ஒரு போனையும் மகன் மறு போனையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் பிளேன் டீ சொல்லி அனுப்பினேன்.

இரண்டு பட்டியலும் பொய்யில்லை. ஆளுக்கொரு தராசு, அவ்வளவுதான். ஷங்ஹாய் பட்டியல் 2003இல் தொடங்கியது. அதில் 100க்கு 30 புள்ளி, அங்கே படித்தவர்களும் படிப்பிப்பவர்களும் வாங்கிய நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் போகிறது. கியூ.எஸ். பட்டியல் இப்போது 30 சதவீதத்தை, உலகெங்குமுள்ள கல்வியாளர்களிடம் "உங்களுக்குத் தெரிந்த நல்ல பல்கலைக்கழகம் எது" என்று கேட்டு வாங்குகிறது. வேலை கொடுப்பவர்களிடம் அதையே கேட்டு 15 சதவீதம். ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தரம் மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கு 20. ஸ்பெயினிலிருந்து வரும் வெபோமெட்ரிக்ஸ் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளையும் எண்ணுகிறது.

இவற்றில் எதுவும் விரிவுரை மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டியை எத்தனை பிள்ளைகள் பங்கு போடுகிறார்கள், இரண்டாம் வருடம் விடுதி கிடைக்குமா, முந்தலிலிருந்து போகிற பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் ஆங்கிலத்தில் பாடம் புரியுமா என்று கேட்க அந்தத் தராசுகளில் தட்டு இல்லை. கேட்க வேண்டியதில்லை என்றும் சொல்லலாம். அவை செய்யப்பட்ட நோக்கம் வேறு, நாங்கள் அவற்றை வைத்துத் தேடுகிற விடை வேறு.

தராசுக்காரர்களையே ஏமாற்றிய கதையும் உண்டு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் யூ.எஸ். நியூஸ் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதம் படிப்பிக்கும் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் கொடுத்த எண்கள் சரியில்லை என்று 2022இல் எழுதினார். அந்த வருடப் புதிய பட்டியலில் கொலம்பியா 18ஆம் இடத்துக்குப் போனது. தராசே வேண்டாம் என்றவர்களும் உண்டு. இந்தியாவில் சென்னை உட்பட 7 ஐ.ஐ.டி.கள் 2020இல் டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலில் சேர மாட்டோம் என்றன. சூரிச் பல்கலைக்கழகம் 2024இல் அதே பட்டியலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பெரிய இடங்களே முகம் திருப்பிக்கொள்கிற பட்டியலைப் பார்த்து ஆலங்குடாவில் ஒரு வாப்பா இரவு நித்திரை முழிக்கிறார்.

ஆனால் இதெல்லாம் வெளிநாட்டு வியாதி. எங்கள் நாட்டில் பிள்ளைகளை ஆட்டிப்படைக்கிற தரவரிசை வேறு. அது உள்ளூரிலேயே தயாராகிறது. அதன் பெயர் வெட்டுப்புள்ளி.

தெரியாதவர்களுக்காக: உயர்தரத்தில் வாங்கிய புள்ளியை அப்படியே எடுப்பதில்லை, இசட் புள்ளியாக மாற்றுகிறார்கள். ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரி 50, புள்ளிகளின் பரவல் 10 என்று வையுங்கள். 70 எடுத்தவருக்கு இசட் 2. இன்னொரு பாடத்தில் சராசரி 60, பரவல் 15. அதில் 75 எடுத்தவருக்கு இசட் 1தான். கடினமான பாடம் எடுத்தவர் நட்டப்படக் கூடாது என்பது கணக்கு. மூன்று பாடத்தின் சராசரிதான் பிள்ளையின் இசட் ஸ்கோர். 2001ஆம் ஆண்டளவில் வந்த முறை இது. என் காலத்தில் நான்கு பாடம், 400க்கு மொத்தப் புள்ளி.

பிறகு மாவட்டம். கலைப் பிரிவு போன்ற சிலவற்றுக்கு அகில இலங்கைத் திறமை வரிசை மட்டும்தான். மற்றப் பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் புத்தளமும் ஒன்று. அதனால் ஒரே கதிரைக்கு எங்கள் பிள்ளையின் வெட்டுப்புள்ளி கொழும்புப் பிள்ளையுடையதைவிடக் குறைவாக இருக்கும். எந்த மாவட்டம் என்பதை முடிவு செய்வது உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து குடியேறியவர்களின் வீட்டில் இது இன்னும் ஒரு சிரிப்புக் கலந்த சண்டை. வாப்பா, "நாங்க மன்னார்" என்பார். பிள்ளையின் விண்ணப்பத்தில் புத்தளம் என்றுதான் வரும்.

வெட்டுப்புள்ளி என்பது ஒரு பாடநெறிக்கு உங்கள் மாவட்டத்திலிருந்து கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட் ஸ்கோர். அதற்கு மேல் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் சனம் அதை வாசிக்கிற விதமே வேறு. உயர்ந்த வெட்டுப்புள்ளி என்றால் உயர்ந்த படிப்பு, தாழ்ந்த வெட்டுப்புள்ளி என்றால் "ஒண்ணும் கிடைக்காதவன் போறது".

கரைவலை இழுத்து முடிந்ததும் கரையில் நடக்கிற ஏலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அறுக்குளாவுக்கு முதல் கேள்வியே பெரிதாக இருக்கும். சூடையைக் கூடை கூடையாக அள்ளிப் போடுவார்கள். விலையைத் தீர்மானிப்பது எத்தனை கை உயர்கிறது என்பதுதான். அன்றைக்கு இரண்டு கொழும்பு லொறி வந்தால் அறுக்குளா ஏறும். வராவிட்டால் இறங்கும். மீன் அதே மீன். வெட்டுப்புள்ளியும் அப்படித்தான். போன வருடம் உயர்ந்தது என்று இந்த வருடம் கை உயர்கிறது, கை உயர்ந்ததால் இந்த வருடமும் உயர்கிறது. சூடை சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு ஏல விலையையும் ருசியையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். கைநூலைத் திறந்தால் அது மறந்துபோகிறது.

இதில் பிறந்த ஒரு சொற்றொடர் உண்டு: "ஸ்கோர் வீணாப் போகுது". கூடின வெட்டுப்புள்ளிக்குப் போதுமான இசட் ஸ்கோரை வைத்துக்கொண்டு குறைந்த வெட்டுப்புள்ளி உள்ளதை ஒரு பிள்ளை கேட்டால், குடும்பமே சேர்ந்து சொல்லும். ஐயாயிரம் தாளைக் கொடுத்துவிட்டு மிச்சக் காசு வாங்காமல் வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

நானும் அப்படி மிச்சக் காசு பார்த்தவன்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். 87-89 கலவரத்தில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்ததால் பழைய அணிகள் தேங்கி நின்றன. பரீட்சை எழுதிவிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தேன். எனக்கு விருப்பம் விவசாயம். வாப்பாவுக்குக் கற்பிட்டிப் பக்கம் மணல் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும். கிணற்றுத் தண்ணீர் வருடா வருடம் ஏன் கெட்டுப்போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. ஆனால் வந்தவர் போனவரெல்லாம் ஒரு பெரிய பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயருக்காக விஞ்ஞானப் பட்டத்தை முதலாவதாக எழுதினேன், மாவட்டக் கோட்டாவில் கிடைத்தும்விட்டது. எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப்போவதில்லை. அதன் குற்றமும் இல்லை.

போன பிறகுதான் தெரிந்தது, உள்ளே இன்னொரு வாசல் இருக்கிறது என்று. முதல் வருடத்தில் மூன்று பாடம். எந்தப் பாடத்தை எதோடு சேர்க்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு. சிறப்புப் பட்டம் செய்ய வேண்டுமென்றால் ஆரம்ப வருடங்களின் பெறுபேற்றை வைத்து மறுபடியும் போட்டி, சில துறைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடம். பாடம் முழுக்க ஆங்கிலம். முதல் தவணையில் விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதியதைத் தவிர வேறெதுவும் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் என் மொத்தப் புள்ளியைக் கேட்டு, சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் அவன் வீட்டில் என்ன காயம் செய்தது என்று பிறகு தெரிந்தது. எங்கள் கரைக்குக் கதவு திறந்த முறை அவர்களுக்குக் கதவடைத்த முறையாக இருந்தது. நாங்கள் கடைசி வரை கூட்டாளிகள். சிறப்புப் பட்டம் எனக்குக் கிடைக்கவில்லை. சாதாரண சித்தியோடு ஊருக்கு வந்து, டியூட்டரி நடத்தி, கடைசியில் இந்தக் கடை.

என் கதையைக் கேட்டுவிட்டு "அப்ப பேரு தேவையில்லையா சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சில இடத்தில் தேவை, மறைக்க மாட்டேன். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும்போது அங்கேயுள்ளவர் உங்கள் பல்கலைக்கழகத்தைக் கேள்விப்பட்டிருந்தால் நல்லது. பிரித்தானியா 2022 மே மாதம் ஒரு விசேட விசாவைத் தொடங்கியது. தொடங்கியபோது, உலகப் பட்டியல்களில் குறைந்தது இரண்டிலாவது முதல் 50க்குள் வந்த பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகளுக்கு அது. அந்த 50க்குள் எங்கள் நாட்டிலிருந்து ஒன்றும் கிடையாது. ஆக, கொழும்பா பேராதனையா ஒலுவிலா என்ற சண்டைக்கு அங்கேயும் இடமில்லை. உள்நாட்டில் ஆசிரியர் சேவைக்கோ அரசாங்க வேலைக்கோ போனால் பட்டத்தையும் வகுப்பையும் பார்ப்பார்கள். கியூ.எஸ். இலக்கம் கேட்டு யாரையும் திருப்பி அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டிய முத்திரை வேறு. பொறியியல் என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம். 2014இலிருந்து இலங்கை வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை உள்ள நாடு. அங்கீகாரம் பெற்ற பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொள்கின்றன. அது இருந்தால் மொறட்டுவையில் படித்தாலும் கிளிநொச்சி அறிவியல் நகரில் படித்தாலும் அடிப்படைத் தகுதி ஒன்றுதான். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவ சபை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருபவர்கள் இங்கே தனிப் பரீட்சை எழுத வேண்டும் என்பதை முகவர் சொல்வதில்லை. தனியார் நிறுவனங்களின் விளம்பரத்தில்தான் உலகத் தரவரிசை பெரிய எழுத்தில் இருக்கும். அந்த இலக்கம் கடல் கடந்த தாய்ப் பல்கலைக்கழகத்துக்குரியது. மகள் படிக்கப்போவது இங்கே ஒரு மாடிக் கட்டடத்தில். பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுதியோ போன் பண்ணியோ கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டுப் பல லட்சம் இழந்த குடும்பம் இந்த வீதியிலேயே இருக்கிறது.

உம்மாமார் கேட்கிற கேள்விகள்தான் எனக்கு எப்போதும் பிடிக்கும். "பஸ் எத்தின மணிக்கு?" "பொம்பளப் புள்ளைக்கு ஹொஸ்டல் எத்தின வருஷம்?" "பகிடிவதை இருக்கா?" பகிடிவதைக்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பகிடிவதையும் இருக்கிறது. இந்தக் கேள்விகளைக் கேட்டால் ஆம்பிளைகள் சிரிப்பார்கள். ஆனால் நடுவில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளை நான் அறிவேன். வெட்டுப்புள்ளி குறைவு என்று யாரும் வரவில்லை. மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவாக இருந்து 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. அறை வாடகை, சாப்பாடு, மாதத்தில் ஒரு தரம் வீட்டுக்கு வர பஸ் காசு என்று அதைப் பிரித்துப் பாருங்கள். கிழக்குக் கரையிலுள்ள ஒலுவிலிலிருந்து பாலாவிக்கு வருவதென்றால் தீவைக் குறுக்கே கடக்க வேண்டும்.

உடப்பிலிருந்து வந்த ஒரு மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகப்பன் முந்தல் களப்போரம் இறால் பண்ணையில் வேலை. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது அவருடைய அப்பாவின் இரண்டு குளமும் ஒரே கிழமையில் செத்தன. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் சொந்தக் குளம் வைக்கவில்லை, அடுத்தவரின் குளத்தைக் காவல் காக்கிறது. பிள்ளை உயிரியல் பிரிவு, நல்ல ஸ்கோர். கூடவே வந்த மாமன் கொழும்பு உயிரியல் விஞ்ஞானம் என்று பிடியாக நின்றார்.

அவள் ஒரு கொப்பியைத் திறந்தாள். அதில் மூன்று கோட் எழுதியிருந்தாள்: மாத்தறையில் ருஹுணு பல்கலைக்கழகத்தின் கடற்றொழிலும் கடல் விஞ்ஞானமும், ஸ்ரீ ஜயவர்தனபுரவில் நீர்வாழ் உயிரின வளங்கள், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவின் நீர்வளத் தொழில்நுட்பம். கடலே இல்லாத பதுளையில் கடல் படிப்பு வைத்தவரை நான் ஒரு நாள் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்குக் கீழேயும் இறால் நோய் பற்றிப் படிப்பிக்கிற துறை இருக்கிறதா, களப் பயிற்சி எத்தனை மாதம், அங்கே படிக்கிற யாரையாவது கேட்டாயா என்று அவளே கேள்வி எழுதி, அவளே பதில் எழுதியிருந்தாள். மூன்றாவதில் ஒரு பதில் வெறுமையாக இருந்தது.

"ஸ்கோர் வீணாப் போகுது அண்ணன், நீங்களாவது சொல்லுங்க" என்றார் மாமன்.

"எங்கட குளம் செத்தது ஏன் எண்டு இண்டைக்கு வரைக்கும் வீட்டில ஆருக்கும் தெரியாது மாமா" என்றாள் அவள்.

தகப்பன் வாசலில் நின்றார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் மூன்று கோட்டையும் மேலே போட்டு, கொழும்பை நாலாவதாகப் போட்டேன். மாத்தறை கிடைத்தது. போன ஆடியில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு ஊருக்கு வந்தவள், போகும் வழியில் கடைக்கு வந்து ஏதோ அறிக்கை பிரிண்ட் எடுத்தாள். 40 பக்கம், பாதி அட்டவணை. களப்புத் தண்ணீரின் உவர்த்தன்மை, வெப்பநிலை, ஒட்சிசன்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஒரு குளம் இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு என்ன விருப்பம் என்றே தெரியாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, 19 வயசு. அப்படிப்பட்டவர்களுக்கு, உள்ளே போன பிறகு பாடத்தை மாற்றிக்கொள்ள இடம் தருகிற பட்டமாகப் பார் என்பேன். எந்தத் துறையில் எத்தனை பேரைச் சிறப்புப் பட்டத்துக்கு எடுக்கிறார்கள் என்று போன் பண்ணிக் கேள் என்பேன். பதிவு செய்துவிட்டால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கிற வழி பெரும்பாலும் அடைபடும், செகண்ட் ஷை, அதாவது இரண்டாம் தடவை பரீட்சை, எழுதுகிற எண்ணமிருந்தால் பதிவுக்கு முன்னமே யோசி என்பேன். அந்த யோசனைக்கும் விலை உண்டு, காத்திருக்கிற காலம். 2022ஆம் ஆண்டு உயர்தரம் நடந்ததே 2023 ஜனவரியில்.

ஒன்றை மட்டும் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கணினி உங்கள் முதலாம் விருப்பத்திலிருந்து கீழே இறங்கி வருகிறது. ஸ்கோர் எட்டுகிற முதல் இடத்தில் நின்றுவிடும். எட்டாத ஒன்றை மேலே எழுதியதற்காகக் கீழேயுள்ளது பறிபோகாது. ஆனால் மனசில்லாத ஒன்றைப் "பாதுகாப்புக்கு" மேலே எழுதி அது எட்டிவிட்டால், அதற்குக் கீழே நீங்கள் ஆசைப்பட்டு எழுதிய எதையும் அது திரும்பிப் பார்க்காது. இது விளங்காமல் போன வருடத்து வெட்டுப்புள்ளி இறங்குகிற வரிசையிலேயே தன் விருப்பத்தையும் எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகள், நான் எண்ணிய வரையில், பாதிக்கு மேல்.

ஆகவே கடையில் இப்போது ஒரு சட்டம். புத்தளம் மாவட்ட வெட்டுப்புள்ளி அட்டவணை என்னிடம் பிரிண்ட் எடுத்துத் தயாராக இருக்கிறது. முதலில் உங்கள் வரிசையை ஒரு தாளில் உங்கள் கையால் எழுதி மேசையில் வையுங்கள். அட்டவணை அதற்குப் பிறகுதான். தாள் இல்லாவிட்டால் நான் தருகிறேன், அதற்குக் காசில்லை.